கைநாட்டிலிருந்து விண்ணப்பம் வரை
(நெய்வேலியில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இந்நகரியம் நிலத்தினால் எழுந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் அவர்களின் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் இவ்வட்டாரத்து உழவர் பலருடைய வீடுகளுக்கு நிலத்தைப் பற்றிய காகிதங்கள் வந்திருக்கின்றன. அறிவிப்பு, அளவுக் குறிப்பு, இழப்பீட்டு ஆணை என அவை பலவகைப்படும். அவற்றின் அடியில் வைக்கப்படும் கைநாட்டு கையெழுத்தைப் போலவே செல்லும். ஆனால் மேலே எழுதியிருப்பது இன்னதென்று கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. ஆகவே எழுத்துப் பயிற்சியை உழவர்கள் தம் நிலத்துக்கு இடும் வேலியாகவே கருதவேண்டும்.

முதியோருக்கு எழுத்தை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது? இதற்கு நம் நாட்டிலேயே நல்ல வழி காட்டப்பட்டிருக்கிறது. 1990களில் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. அதன் பாடநூல் அகர வரிசையில் தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்னும் சொற்களில் தொடங்கியது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் திரளாக முன்வந்து எழுதக் கற்றதோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். இதற்கு முன்பே, 1963இல் பிரேசில் நாட்டு அங்கிகோஸ் என்னும் ஊரில், பாவ்லோ பிரெய்ரே என்னும் அறிஞர் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு, அவர்கள் நாள்தோறும் புழங்கிய சொற்களைக் கொண்டே எழுத்துக் கற்பித்தார். நாவில் பழகிய சொல் கையில் எளிதில் வரும் என்பதே இம்முறையின் உட்பொருள்.

இம்முறை கைக்கும் எளிது. மண்வெட்டி பிடித்து இறுகிய விரலுக்கு 'அ' வளைந்து கொடுக்காது. 'ட' என்பதோ இரண்டு நேர்கோடுகள். 'ப' என்பது மூன்று. இவ்விரண்டோடு புள்ளியும், துணைக்காலும், மேல் கொக்கியும் தெரிந்துவிட்டால், பட்டா, படி, பாட்டி என்று எழுதிவிடலாம். 'ம' ஒன்றைச் சேர்த்தால் படம், மாடம், மாடி, மட்டம் ஆகிய சொற்களும் கைக்கு வந்துவிடும். முதல் வாரத்திலேயே பொருளுள்ள சொற்களை எழுதியவர் மறுவாரம் வராமல் இருக்கமாட்டார்.

தமிழ் எழுத்து 247 என்று கேட்டு அஞ்சவேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய இவற்றோடு சில குறிகளையும் அறிந்தால், உயிர்மெய் 216இல் பெரும்பகுதி தானே அமைந்துவிடும். 1978இல் அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, னை முதலியனவும் மற்றவற்றைப் போலவே எழுதப்படுகின்றன. உகர, ஊகார வரிசைகள் மட்டுமே எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவன. அவற்றிற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதலில் மணலிலோ பலகையிலோ பெரிதாக எழுதச் செய்து, பின்னர் கோடிட்ட தாளுக்கு வருவது நலம்.

எழுத்தோடு எண்ணும் வேண்டும். நாம் நிலத்தை ஏக்கரிலும் சென்டிலும் பேசுகிறோம். பட்டாவோ ஹெக்டேரிலும் ஏரிலும் பேசுகிறது. ஒரு ஹெக்டேர் 100 ஏர்; ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். ஆகவே 1 ஏக்கர் நிலம் பட்டாவில் ஏறத்தாழ 40.47 ஏர் என்று காணும். இக்கணக்கைத் தம் கையால் எழுதிப் பார்த்தவர் தம் நிலத்தின் அளவைப் பிறர் சொல்லக் கேட்டு மட்டும் நம்பவேண்டியதில்லை.

கையெழுத்துப் போடத் தெரிந்தவுடன் பயிற்சி முடிந்ததாக எண்ணுவது பெருந்தவறு. படிக்காமல் இடும் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் வேற்றுமை இல்லை. அடுத்த படி வாக்கியம். அதற்கு அடுத்தது விண்ணப்பம். யார், எங்கே, எப்போது, என்ன வேண்டும் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதினால் அதுவே விண்ணப்பம். "எங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் அதிகம்" என்பது முறையீடு. "மேலத் தெருவில் பள்ளிக்கூடத்தின் எதிரிலுள்ள குடிநீர்க் குழாய் உடைந்து பத்து நாட்கள் ஆயின, பழுது நீக்கித் தர வேண்டுகிறோம்" என்பது வேலை நடப்பதற்கான எழுத்து. ஒரு விண்ணப்பத்தில் ஒரு கோரிக்கை போதும். நாளும் பெயரும் முகவரியும் தவறக்கூடாது. படி ஒன்றை வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ஒப்புகையும் பெறவேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம சபைத் தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே மக்களிடம் கையெழுத்து வாங்குங்கள். புதிதாக எழுதக் கற்ற ஒருவரைக் கொண்டே அதனைப் படிக்கச் சொல்லுங்கள், தடுமாறினால் பொறுத்திருங்கள். 2022 முதல் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கென நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் உங்கள் ஊரார் சேர ஏற்பாடு செய்யுங்கள். கதிரறுப்புக் காலத்தில் வகுப்பை இரவுக்கு மாற்றுங்கள். பெண்கள் அச்சமின்றி வந்துபோக விளக்கும் துணையும் அமையுங்கள். கற்றவர்க்குப் படிக்க நூலும் எழுதக் காரணமும் தொடர்ந்து இருந்தால்தான் கற்றது நிலைக்கும். இல்லையேல் தரிசு விட்ட நிலம்போல் ஓராண்டில் புதர் மண்டிவிடும்.

நிலத்தின் அடியில் இருப்பதை அறிய இங்கே பெரிய எந்திரங்கள் இருக்கின்றன. காகிதத்தில் இருப்பதை அறிய ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஒரு பென்சிலும், நாளுக்கு ஒரு மணி நேரமும், பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர ஓர் அயலாருமே. அந்த அயலாராக நாம் ஒவ்வொருவரும் முன்வருவோமாக!