மறைத்தால் வளரும் நோய்



விழா மேடையில் பேசத்தகாத பொருள் இதுவென்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசாதிருந்ததன் விளைவை நான் கண்ணாரக் கண்டவன்.

ஊரைவிட்டு வந்து தனியறையில் தங்கியிருந்த தம்பியொருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். தமக்கு வந்த மேகப்புண்ணை வெட்கத்தால் எவரிடமும் கூறவில்லை. புண் தானே ஆறிற்று; நோயும் தீர்ந்ததென நம்பி மணம் செய்துகொண்டார். முதற்குழந்தை இறந்து பிறந்தது. அதன் பின்னரே இருவருக்கும் இரத்தப் பரிசோதனை நடந்தது.

கிரந்தி என்னும் இந்நோயின் இயல்பே அது. புண் மறைந்தாலும் கிருமி உடலில் தங்கிவிடும். பெனிசிலின் இதனைக் குணப்படுத்துமென 1943-ஆம் ஆண்டிலேயே கண்டனர். தொடக்கத்தில் ஒருமுறை போடும் ஊசியே போதும். கருவுற்றவருக்கு உரிய காலத்தில் போட்டால் குழந்தையையும் காக்கலாம்.

உலகில் 15 முதல் 49 வயதுடையோரிடையே, குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் நாள்தோறும் 10 இலட்சத்திற்கு மேல் ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மருந்து இருந்தும் நோய் பரவுகிறதென்றால், வெட்கமும் அறியாமையும் அதற்குத் துணைநிற்கின்றன என்பதே பொருள்.

அரசு மருத்துவமனைகளின் சுரக்ஷா நிலையங்களில் ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். 1097 என்னும் தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

பெற்றோரைப் பிரிந்து வாழும் நம் இளைஞர்க்கு இவ்வூரில் பெற்றோர் நாமே. ஒழுக்கம் பேணுக என்போம். ஆணுறை காக்கும் என்பதையும், நோய் வந்தால் துணைவரோடு சென்று மருந்துண்க என்பதையும் கூசாது கூறுவோம். அந்தத் தம்பிக்கு இதனைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை, நானும் சொல்லவில்லை.