கழிவுநீரில் மலரும் கல்வாழை



சிறுசேரி முதலிய தென்சென்னைப் புறநகர் ஊர்களில் வீடுகள் பெருகிவிட்டன. அவற்றின் சமையலறை நீரும் குளியலறை நீரும் கொல்லையில் தேங்கினால் கொசு பெருகும். அந்நீரைக் கொண்டே பூந்தோட்டம் அமைக்கலாம். அதற்கு ஏற்ற செடி கல்வாழை.

இதன் இலை வாழையிலையை ஒத்தது. விதையோ கல்லைப்போல் கடினமானது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் இவ்வினத்துக்குக் ‘கன்னா இண்டிகா’ எனப் பெயரிட்டார். பெயரில் இந்தியா இருப்பினும், இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளே.

பூவை உற்று நோக்குங்கள். கண்ணைக் கவரும் அகன்ற ‘இதழ்கள்’ உண்மையில் இதழ்கள் அல்ல. உருமாறிய மகரந்தத் தாள்கள். மெய்யான அல்லிதழ்கள் மூன்றும் சிறுத்து, அவற்றின் அடியில் ஒதுங்கி நிற்கும்.

வெயில் படும் இடத்தில் வாய்க்கால்போல் பள்ளம் எடுத்துச் சரளைக்கல் நிரப்புங்கள். முளையுள்ள கிழங்குத் துண்டுகளை ஒன்றரை அடி இடைவிட்டு நடுங்கள். நீர் சரளைக்கு மேலே தெரியலாகாது. தெரிந்தால் கொசு முட்டையிடும். கல்லிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. அதிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடி உணவாகக் கொள்கிறது. ஆயினும் அந்நீர் குடிப்பதற்கு உரியதன்று.

பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு அறுத்துவிடுங்கள். கிழங்கிலிருந்து புதுத் தண்டு எழும். நெருங்கி வளர்ந்த கிழங்குகளைப் பிரித்து அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள். ஒரு வீட்டில் மட்டும் நீர் தேங்காதிருந்தால் தெருவில் கொசு ஒழியாது அல்லவா?