அரை இருக்கையில் அசாம் வரை
(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது)



பி பிளாக்கில் மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் ஏற மாட்டேன் என்கிற ஆசாமி நான். உங்களுக்கே தெரியும். அந்த முழங்காலோடு, பையன் காலேஜுக்குக் கொண்டுபோன முதுகுப் பையை மாட்டிக்கொண்டு, கன்னியாகுமரியிலிருந்து திப்ருகருக்கு ஸ்லீப்பரில் போய் வந்தேன். "பணமா இல்லை, ஃப்ளைட்ல போயேன்ப்பா" என்றான் பையன். வீட்டு அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்து, "நான் வரலை சாமி" என்று கும்பிடு போட்டுவிட்டாள்.

விவேக் எக்ஸ்பிரஸ். 2011-இல் விட்ட வண்டி. இந்தியாவில் ஒரே ரயில் இதைவிட அதிக தூரம் ஓடுவதில்லை. 4,100 கி.மீ.க்கு மேல், ஏறக்குறைய 75 மணி நேரம், ஒன்பது மாநிலம். வேடிக்கை என்னவென்றால், கன்னியாகுமரியில் கிளம்பி, கேரளாவுக்குள் சுற்றி, பாலக்காடு வழியாகத் திரும்பத் தமிழ்நாட்டுக்குள்ளேயே வரும். அடுத்த நாள் காலைச் சாப்பாடும் நம் மண்ணில்தான்.

எனக்குக் கிடைத்தது ஆர்.ஏ.சி. சைடு லோயரில் பாதி. முழு டிக்கெட், அரை இருக்கை. முப்பத்துநாலு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இது எந்தப் பக்கம் கூட்டினாலும் டாலி ஆகாத கணக்கு. கோவையில் மறுபாதிக்கு ஒரு பையன் ஏறினான். இருபத்திரண்டு வயதிருக்கும். தின்சுகியாவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டுமாம். அரைத் தமிழில், "அங்கிள், நீங்க பத்திலிருந்து ரெண்டு, நான் ரெண்டிலிருந்து ஆறு" என்று தூக்கத்துக்கு ஷிஃப்ட் போட்டுவிட்டான்.

அந்த ஷிஃப்டில்தான் விஷயமே இருக்கிறது. ஏ.சி. பெர்த்தில் படுத்திருந்தால் கோதாவரி எனக்குத் தெரிந்தே இருக்காது. ராத்திரி திடீரென்று வண்டியின் சத்தம் மாறிற்று, கனத்த இரும்புச் சத்தம். எதிர் சீட்டு அம்மாள் எழுந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காசை எடுத்து ஜன்னல் வழியாக ஆற்றில் போட்டுக் கும்பிட்டார். நானும் ஒரு ரூபாய் போட்டேன். எந்த வவுச்சரும் இல்லாமல் நான் செய்த செலவு அது ஒன்றுதான்! மறுநாள் ராத்திரி ஃபராக்கா அணை மேலேயே வண்டி போகிறது, கீழே கங்கை. இருட்டில் தண்ணீர் தெரியாது. அணை விளக்குகளும் ஈரக் காற்றும்தான். அதற்கே விழித்திருந்தேன்.

பகலில் வெயில், கூட்டம், வீங்கிய கணுக்கால். இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் வங்கியிலும் சரி, இங்கேயும் சரி, எனக்கு எப்போதும் அடுத்த வேலை ஒன்று காத்திருக்கும். அங்கே இல்லை. சாயா என்று கேரளத்தில் வந்தது, டீ ஆகி, சாய் ஆகி, வங்காளத்தில் வெறும் சா ஆனது. அதைக் கவனிப்பதே வேலை. நாலாம் நாள் விடிந்தால் மூங்கில் தோப்பும் பாக்கு மரமும். பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

புளிசாதம் தீர்ந்தபின் பையன் அவன் பொட்டலத்திலிருந்து அவலும் வெல்லமும் கொடுத்தான். "எத்தனை நாள் லீவு தம்பி?" என்றேன். கோவையில் ஓர் அடுக்குமாடியில் செக்யூரிட்டியாம். பிஹுவுக்குப் பத்து நாள். "போக நாலு, வர நாலு, வீட்ல ரெண்டு, அங்கிள்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் கேட்டில் நிற்கும் பையன்கள் போன வருஷம் இருபது நாள் கேட்டபோது, "பத்து நாள் தாராளம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பொருளாளர் யார்? அடியேன்தான். நாள் கணக்கைச் சரியாகப் போட்டேன், தூரத்தைப் போடவில்லை.

தின்சுகியாவில் அவன் இறங்கியதும் முழு சீட்டும் எனக்குத்தான். காலை நீட்டினேன். தூக்கம் வரவில்லை.

பொதுக்குழுவில் லீவை இருபது நாளாக்கும் தீர்மானம் வருகிறது. பதில் ஆள் போட வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடும் என்ற கணக்கையும் இணைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகரில் டிக்கெட் போட்டாயிற்று. 3,700 கி.மீ.க்கு மேல். இந்த முறையும் ஆர்.ஏ.சி.தான்.