ரேக்கில் நமக்கு ஓர் இடம்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் முன்னால நின்னு பழக்கமில்லை, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க குழு இட்லிப்பொடி, பருப்புப்பொடி போடுறது உங்களுக்குத் தெரியும். டவுன்ல ஒரு பெரிய கடைக்காரர் மகளிர் தினத்தன்னிக்கு 'மகளிர் குழு தயாரிப்புகள்'னு போர்டு வச்சு, கல்லாவுக்குப் பக்கத்துலயே ஒரு ரேக் ஒதுக்கினார். போட்டோகூட எடுத்தாங்க. ஆறு மாசத்துல போர்டைக் காணோம். நம்ம பாக்கெட் பினாயில் பாட்டிலுக்குப் பின்னால கிடக்குது. குழுக் கூட்டத்துல ஒரே சத்தம். "சரக்கை எடுத்துட்டு வந்துடணும், அந்தக் கடைப்பக்கமே போகக் கூடாது"ன்னு பாதிப் பேர். "எடுத்தா நஷ்டம் யாருக்கு?"ன்னு மீதிப் பேர்.

அந்த நேரத்துலதான் என் மக ஒரு செய்தி படிச்சுக் காட்டினா. அமெரிக்காவுல டார்கெட்னு ஒரு கடை. துணி, சோப்பு, பொம்மை, மளிகை எல்லாம் விக்கும். நாடு முழுக்க 2,000 கிளைக்குக் கிட்ட இருக்கு. தலைமை அலுவலகம் மினியாபொலிஸ் நகரம். 2020-ல் ஜார்ஜ் பிளாய்டு என்கிற கருப்பினத்தவரைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றாரே, அதே ஊர். நாடே கொதிச்சுப்போச்சு. அதற்குப் பிறகு, கருப்பின மக்களுக்கு வேலையில் கூடுதலாக இடம் கொடுப்போம், 2025 முடிவதற்குள் அவர்களுடைய தொழில்களுக்கு 200 கோடி டாலருக்கு மேல் செலவிடுவோம் என்று கம்பெனி அறிவித்தது. சின்னதாத் தொழில் தொடங்கின பெண்களோட பொருளும் ரேக்குக்கு வந்தது.

2025 ஜனவரி 20-ல் டிரம்ப் பதவியேற்றார். இந்த மாதிரித் திட்டமே கூடாதுங்கிறவர். 24-ம் தேதி டார்கெட் அந்த இலக்குகளை முடிச்சுக்கிறதாச் சொல்லிடுச்சு. "திறமை போதும், நிறம் பார்த்து எதுக்குச் சலுகை"ன்னு சந்தோஷப்பட்டவங்களும் உண்டு. ஆனா நம்பி வாங்கினவங்களுக்கு வயிறு எரிஞ்சது. ஜார்ஜியாவில் ஜமால் பிரையன்ட் என்கிற பாதிரியார், தவக்காலத்தின் 40 நாளும் அந்தக் கடையில் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நாம சோத்தை விட்டு விரதம் இருப்போம், அவங்க கடையை விட்டு இருந்தாங்க! பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை விற்பனை முந்தின வருஷத்தைவிட 2.8 சதவீதம் குறைஞ்சது. மத்த காரணங்களோட இந்த எதிர்ப்பும் ஒரு காரணம்னு கம்பெனியே ஒத்துக்கிட்டது.

என் மனசுல நின்னது டபிதா பிரவுன்தான். வீடியோவில் சமையல் செய்து பிரபலமான கருப்பினப் பெண். அவர் பொருளும் அப்போ அந்தக் கடையில இருந்தது. எல்லாரும் வாங்குறதை நிறுத்தினா எங்க விற்பனையும்தான் விழும்னு சொன்னார். அதுக்கு அவரைத் திட்டினவங்க நிறைய. பாருங்க, சொன்ன சொல்லை விட்டது கம்பெனி. கோபப்பட்டது சொந்த சனம். சரக்கோட நடுவுல நிக்கிறது இந்தப் பொண்ணு.

விரதம் இருந்தவங்க மேல எனக்குக் குறையில்லை. வாங்காம இருந்ததாலதான் கம்பெனி காதுல விழுந்தது. ஆனா ரேக்ல சரக்கு வச்சிருக்கிறவகிட்டயும் முதல்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படி வச்சிருந்த சிலர், "எங்ககிட்டயே நேரா வாங்குங்க"ன்னு கேட்டாங்களாம். அது எனக்குப் பிடிச்சிருந்தது.

நாங்க சரக்கை எடுக்கலை. எந்த ரேக், எத்தனை மாசம்னு எழுதிக் கொடுங்கன்னு கடைக்காரர்கிட்ட மனு மாதிரி ஒண்ணு கொடுத்திருக்கோம். இன்னும் பதில் இல்லை. நாங்க மட்டும் கேட்டா காதுல போட்டுக்க மாட்டார். அவருக்குப் பொருள் கொடுக்கிற குழு இங்க நாலஞ்சு இருக்கு. சாப்பாடு முடிஞ்சதும் வேப்பமரத்தடிக்கு வாங்க, பேசுவோம்.