மண்ணுயிரும் மின்சாரக் காரும்

(மகாவீர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலை அருப்புக்கோட்டையைக் கடந்து பந்தல்குடி வழியே செல்கிறது. இருபுறமும் கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் விளைச்சல். இல்லையேல் சீமைக்கருவேல் ஒன்றே பசுமை. இவ்வறண்ட நாடு சமணத்திற்கு அயலானதன்று. முற்காலத்தில் வெண்புநாடு என வழங்கிய இப்பகுதியில்தான் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி விளங்கியது. மதுரையை அடுத்த சமணர்மலையில் திருவுருவங்களைச் செய்வித்த அறவோர் சிலர் அப்பள்ளியைச் சார்ந்தவர் என்று அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. மண்ணும் நீரும் ஓரறிவுயிர்களுக்கு உடலாவன என்று போதித்த துறவியர் நடந்த நிலம் இது.

அந்நிலத்தின் அடியில் இன்று சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. பந்தல்குடிச் சுரங்கங்களின் கல், விருதுநகரை அடுத்த ராமசாமிராஜா நகர் சிமென்ட் ஆலைக்குச் செல்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தின் இயல்பு எங்கும் ஒன்றே. முதலில் மேல்மண் அகற்றப்படும். கரிசல் ஓர் அங்குலம் உருவாகப் பல நூறாண்டுகள் வேண்டும். பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே இறங்கும்போது ஊறும் நீரை இறைத்தாக வேண்டும். தூய சுண்ணாம்புக்கல் 1 டன்னைச் சுட்டால் ஏறத்தாழ 440 கிலோ கரியமிலவாயு வெளியேறும். இது எரிபொருளின் புகைக்குப் புறம்பானது. நாம் குடியிருக்கும் வீடுகளின் சிமென்ட் இவ்வாறே பிறக்கிறது. ஆகவே சுரங்கத்தைப் பழிப்பதற்கு முன், அதன் பயனைத் துய்ப்பவர் யார் என்று எண்ணுதல் வேண்டும்.

அதே சாலையின் தென்கோடியாகிய தூத்துக்குடியில், 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. “இக்கார் புகை விடுவதில்லை, எனவே இது அகிம்சைக்கு உகந்த வண்டி” என்று இளையோர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, பேட்டரியில் உள்ள லித்தியம் எங்கிருந்து வருகிறது என்ற வினாவில் இருக்கிறது.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டு அட்டகாமா, உலகின் மிக வறண்ட பாலைகளுள் ஒன்று. அங்கே நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பரந்த பாத்திகளில் தேக்கி, ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் காயவிடுகின்றனர். தூத்துக்குடி உப்பளங்களைக் கண்டவர்க்கு இக்காட்சி புதிதன்று. ஆயினும் அங்கே பாலையின் அடிநீர் வற்றுகிறது. 1000 கிலோ உப்புநீரில் லித்தியம் ஏறத்தாழ ஒன்றரை கிலோ மட்டுமே. எஞ்சிய நீர் வானில் கலந்துவிடும். அவ்வுப்பேரிகளை அண்டி வாழும் பூநாரைகளும், லிக்கான் அந்தாய் எனும் தொல்குடியினரும் தங்கள் நீர் குறித்து அஞ்சுகின்றனர். ஆஸ்திரேலியாவிலோ மலைக்கல்லை உடைத்து, 1000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வறுத்து லித்தியம் எடுக்கின்றனர். நம் நாட்டில், ஜம்மு-காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் இருப்பு உள்ளதென முதற்கட்ட மதிப்பீடு 2023 பிப்ரவரியில் வெளியாயிற்று. அங்கும் ஒருநாள் மலை தோண்டப்படலாம்.

அவ்வாறாயின் பெட்ரோல் கார்தான் நல்லதோ? அன்று. பெட்ரோல் எரிந்தால் மீளாது. நாள்தோறும் புதிதாய் எடுக்க வேண்டும். பேட்டரியின் லித்தியத்தையும் பிற உலோகங்களையும் மீட்டெடுக்க இயலும். இந்திய அரசின் 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. தீங்கு குறைகிறது, ஆனால் நீங்குவதில்லை.

இவ்விடத்தில் நம் அறநூல்கள் வழிகாட்டுகின்றன. இல்லறத்தார் உழவிலும் தொழிலிலும் நேரும் இம்சையை முற்றும் விலக்க முடியாது என்பதை ஆசாரியர்கள் அறிந்திருந்தனர். அதனாலேயே அநர்த்ததண்ட விரதத்தை வகுத்தனர். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், பயனின்றி மண்ணைத் தோண்டுதலையும் நீரை வீணாக்குதலையும் இவ்விரதத்தார் விலக்க வேண்டிய குற்றங்களுள் வைக்கிறது. போகோபபோக பரிமாணமோ, துய்க்கும் பொருள்களுக்கு எல்லை வகுக்கச் சொல்கிறது. வாகனமும் அவற்றுள் அடங்கும். தோண்டவே கூடாது என்பது இல்லறத்தார்க்கு விதித்த கட்டளை அன்று. தேவையின்றித் தோண்டற்க, தோண்டச் செய்யற்க என்பதே கட்டளை.

அந்த அளவுகோலை இன்றைய வாழ்வில் வைத்துப் பார்ப்போம். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் கொள்ளும். பெரிய காரின் பேட்டரி 60 யூனிட் கொள்ளும். ஆகவே ஒரு பெரிய கார், இருபது ஸ்கூட்டர்களுக்குரிய பேட்டரியைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. நால்வர் கூடிச் செல்லவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் கார் வேண்டுமெனில் அது தேவை. நன்றாக ஓடும் வண்டி இருக்க, உறவினர் வாங்கிவிட்டார் என்பதற்காக இரண்டாவதாய் வாங்குவது அநர்த்தம். அது மின்சாரத்தில் ஓடினாலும் அநர்த்தமே.

வீட்டுக்குச் சொல்வது கோயிலுக்கும் பொருந்தும். திருப்பணி என்னும் பெயரால் உறுதியான பழைய கல்மண்டபத்தை இடித்து, கான்கிரீட் மண்டபம் எழுப்ப விரும்புவோர் நம்மிடையே உண்டு. அதற்குரிய சுண்ணாம்புக்கல், பந்தல்குடி போன்றதோர் ஊரின் மண்ணைக் கீறியே வர வேண்டும். பழுதுபார்த்தால் போதும் என்ற இடத்தில் இடிக்காதிருப்பதும் ஜீவகாருண்யமே.

இந்த ஜயந்தி நாளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு நியமம் ஏற்கலாம். வண்டியாயினும் கட்டடமாயினும், வாங்குமுன் குடும்பத்தார் ஒன்றாய் அமர்ந்து மூன்றை எண்ணுக: இருப்பதே போதாதா? இதனினும் சிறியது போதாதா? பயன்முடிந்தபின் இது எங்கே செல்லும்? பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் உரிய மறுசுழற்சி நிலையத்தில் சேர்ப்பதும் இந்நியமத்தில் அடங்கும். இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் வாங்குபவர், தம் விரதத்திற்கு ஊறு செய்தவர் ஆகார்.

அனைத்துயிரும் இன்புற்று வாழ்க.