பல்லிடுக்கில் மறைந்திருக்கும் சொத்தை

பற்சொத்தை என்றதும் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் காணும் கருங்குழியே பலரது நினைவிற்கு வரும். இரு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உருவாகும் சொத்தையோ எளிதில் புலப்படுவதில்லை. வலி தோன்றும்போது அது பெரும்பாலும் பல்லின் உட்பகுதியை நெருங்கியிருக்கும்.

பற்கள் தொடும் இடத்திற்கும் ஈறுக்கும் இடையே நுண்ணுயிர்ப் படலம் தங்குகிறது. பல்துலக்கியின் இழைகள் அங்கு எட்டுவதில்லை. உமிழ்நீரும் தாராளமாகப் பாய்வதில்லை. படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சிதைத்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழ் இறங்கினால், எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மீண்டும் படியச் செய்கிறது. அமிலம் தணிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். இதற்கிடையே மீண்டும் மீண்டும் இனிப்பு உண்டால் இழப்பு ஈடுசெய்யப்படுவதில்லை. எனவே சர்க்கரையின் அளவைப் போலவே, அதை உண்ணும் தடவைகளும் கருதத்தக்கவை.

முதலில் எனாமலில் வெண்புள்ளி தோன்றும். இந்நிலையில் சிதைவைத் தடுத்து நிறுத்த இயலும். எனாமலைக் கடந்து டென்டினை அடைந்தபின் சொத்தை பக்கவாட்டில் பரவுகிறது. மேல்விளிம்பு இடியும்வரை பல் நலமாகவே தோன்றக்கூடும்.

பால் கடைவாய்ப் பற்களில் எனாமல் மெல்லியது. அவை அகன்ற பரப்பில் ஒட்டியும் நிற்கின்றன. விழப்போகும் பற்கள்தாமே என்று இவற்றைப் புறக்கணித்தல் தவறு. 10 முதல் 12 வயது வரை நிலைக்க வேண்டிய இவை முன்னரே விழுந்தால், நிரந்தரப் பற்களுக்குரிய இடம் குறுகும்.

2013இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் கீழ், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளின் பற்களும் பரிசோதிக்கப்படுகின்றன. ஆயினும் கண்ணால் காணும் சோதனை பல்லிடுக்கை முழுமையாகக் காட்டாது. ஐயமுள்ள இடத்தில் எக்ஸ்-ரே படம் தேவை. எல்லாக் குழந்தைகளுக்கும் படம் எடுப்பது சாத்தியமன்று. ஆகவே தடுப்பு முறைகளே முதலிடம் பெறுகின்றன.

நல்கொண்டா போன்ற பல மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்துள்ளது. ஆதலால் குடிநீரில் அதைச் சேர்க்கும் முறை இந்நாட்டுக்குப் பொதுவாக ஏற்றதன்று. ஃப்ளோரைடு பற்பசையே தக்க வழி. காலையிலும், உறங்கும் முன்பும் பல் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசையும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவு பசையும் போதும். பசையை விழுங்காதவாறு பெரியோர் கவனிக்க வேண்டும். நெருங்கிய பற்களுக்கிடையே பல்லிழையையும், இடைவெளி உள்ள இடத்தில் சிறு இடுக்குத் துலக்கியையும் நாள்தோறும் பயன்படுத்துதல் நலம். குண்டூசி, துடைப்பக் குச்சி ஆகியவற்றால் குத்துவது ஈறைப் புண்ணாக்கும்.

முற்றிய சொத்தைக்குச் சிகிச்சை பெறத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் உழைப்பாளர் குடும்பம் அன்றைய கூலியையும் இழக்கிறது. இரவில் பல் துலக்கும் பழக்கத்தைக் குழந்தைப் பருவத்திலேயே ஊன்றச் செய்தால், இவ்விழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்.