பெரிய தொகைக்கு முன்னால் ஒரு கேள்வி



நல்லதொரு நிகழ்ச்சி மனதில் இருக்கிறது. கையில் பணம் இல்லை. அறக்கட்டளை ஒன்றிடம் நிதி கேட்டு எழுதலாம் என்று உட்காருகிறோம். முதலில் எழுத வருவது என்ன? ஒலிவாங்கி இத்தனை, கணினி இத்தனை, சம்பளம் இவ்வளவு. சமுதாய வானொலி நண்பர்கள் காட்டிய விண்ணப்பங்கள் பலவும் இப்படித்தான் தொடங்கின. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் 1966-இல் அமெரிக்காவில் நடந்த ஒன்று நினைவுக்கு வரும். இன்று அதைச் சொல்கிறேன்.

நியூயார்க்கில் ஒரு வீட்டில் இரவு விருந்து. வீட்டுக்காரர் ஜோன் கான்ஸ் கூனி, தொலைக்காட்சியில் ஆவணப்படங்கள் தயாரித்துவந்த பெண். விருந்தாளிகளில் ஒருவர் லாயிட் மோரிசெட், கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளையில் பொறுப்பில் இருந்த உளவியலாளர். அவருடைய மூன்று வயது மகள் விடியற்காலையிலேயே எழுந்து, நிகழ்ச்சி எதுவும் தொடங்காத தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்துகொள்வாளாம். திரையில் அசையாமல் நிற்கும் சோதனைப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். அந்தத் தகப்பனுக்கு ஒரு யோசனை. இந்தப் பெட்டியால் சின்னக் குழந்தைகளுக்கு எதையாவது கற்றுக்கொடுக்க முடியுமா என்று கூனியிடம் கேட்டார்.

முடியும் என்று சொல்லிவிட்டுக் கோடிக்கணக்கில் பணம் கேட்டிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. முடியுமா என்று பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கார்னகி 15,000 டாலர் கொடுத்தது. கூனி அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சென்று குழந்தை வளர்ச்சியை ஆராய்பவர்களையும் ஆசிரியர்களையும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களையும் சந்தித்தார். குழந்தைகள் பீர் விளம்பரப் பாட்டை மனப்பாடமாகப் பாடுவதை அவர் கவனித்திருந்தார். அதைப் பாடத் தெரிந்த குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் ஏன் அதே வழியில் போய்ச் சேராது? ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போதே மற்றவர்களைவிடப் பின்தங்கி நின்றார்கள். ஆனால் தொலைக்காட்சி அந்த வீடுகளிலும் இருந்தது. அவருடைய அறிக்கைக்கு உயிர் கொடுத்தது இதுதான். யாருக்காக, ஏன் இந்த வழியில் என்ற இரண்டுக்கும் அதில் பதில் இருந்தது.

அதன் பிறகுதான் பெரிய தொகை. ஏறத்தாழ 80 லட்சம் டாலர் திரண்டது. பாதியை அமெரிக்க அரசு கொடுத்தது. மீதியில் கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளுக்குப் பெரும் பங்கு. பணம் ஒரே கையிலிருந்து வராதது எவ்வளவு நல்லது என்பதை நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் அறிவார்கள்.

அந்தப் பணத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் பிடித்த பகுதி. படப்பிடிப்புக்கு முன்பே ஹார்வர்டு பேராசிரியர் ஜெரால்டு லெஸ்ஸர் தலைமையில் கல்வியாளர்களும் எழுத்தாளர்களும் கலைஞர்களும் 1968 கோடையில் கூடி உட்கார்ந்து, குழந்தை எதைக் கற்க வேண்டும் என்று விவாதித்தார்கள். எட்வர்டு பால்மர் என்ற ஆய்வாளர் குழந்தையைத் தொலைக்காட்சியின் முன் உட்காரவைத்து, பக்கத்தில் இன்னொரு திரையில் வண்ணப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டினார். குழந்தையின் கண் எப்போது அங்கே திரும்புகிறதோ, நிகழ்ச்சி அந்த இடத்தில் தொய்கிறது என்று குறித்துக்கொள்வார்.

1969 ஜூலையில் சோதனை நிகழ்ச்சிகளைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பொம்மைகள் வந்தபோது கண் அசையவில்லை. நிகழ்ச்சி நடக்கும் தெருவின் காட்சிகளில் மனிதர்கள் மட்டும் பேசியபோது கவனம் சிதறியது. பொம்மைகளையும் மனிதர்களையும் ஒரே காட்சியில் கலக்க வேண்டாம் என்று வல்லுநர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் குழந்தைகளின் கண்கள் வேறு மாதிரிச் சொல்லிவிட்டன. வல்லுநர் சொல்லை ஒதுக்கிவிட்டு, பிக் பேர்டு என்ற பெரிய மஞ்சள் பறவையையும் குப்பைத்தொட்டியில் குடியிருக்கும் ஆஸ்கரையும் தெருவில் மனிதர்களோடு உலவவிட்டார்கள்.

சோதித்துப் பார்க்கவும் தவறைத் திருத்தவும் பணம் ஒதுக்கியிருந்ததால்தான் இது முடிந்தது. நம் விண்ணப்பங்களில் இந்த ஒரு வரியைத்தான் நான் தேடுகிறேன். ஒலிபரப்பிய பிறகு கேட்டவர்களிடம் போய், புரிந்ததா, பயன்பட்டதா என்று விசாரிக்கும் செலவு எங்கே? பத்து மீனவர் வீடுகளில் உட்கார்ந்து வானிலை நிகழ்ச்சியை அவர்களோடு சேர்ந்து கேட்க ஒரு மாதமும் பேருந்துக் கட்டணமும் போதும். அதை எழுதிக் கேளுங்கள். கருவிப் பட்டியல் அதன் பின்னால் வரட்டும். முதல் தவணையாகச் சிறு தொகை கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கூனி தொடங்கியதே அப்படித்தான்.

இப்படி உருவான நிகழ்ச்சிதான் செசமி ஸ்ட்ரீட். 1969 நவம்பர் 10-ஆம் தேதி அது முதன்முதலாக ஒளிபரப்பானது. வணிகத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி முடியும்போது அதை வழங்கிய நிறுவனத்தின் பெயரைச் சொல்வார்கள் அல்லவா? அன்று அந்த இடத்தில் குழந்தைகள் கேட்டது டபிள்யூ, எஸ், இ என்ற மூன்று எழுத்துகளையும், 2, 3 என்ற இரண்டு எண்களையும்.